ஃப்ளிபெரானா: ஐந்து நாள், ஒரு டோக்கன்

முதல் நாள்: ரியேக்கா

என் பெல்கிரேட் தோழியை நான் இதுவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆறு வருடமாக ஒரே மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறோம். அவர் செர்பிய மொழிக்கு, நான் தமிழுக்கு. போன வருடம் ஒரு கைபேசி விளையாட்டில் ‘ஆர்கேட்’ என்ற சொல் வந்தது. காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடம். நான் ‘வீடியோ கேம் கடை’ என்று எழுதினேன். மதுரையில் சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் ‘ஃப்ளிபெரானா’ என்று எழுதிவிட்டுக் கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தார்: “இந்தச் சொல்லை அடிக்கும்போதே சிகரெட் வாசனை வருகிறது.”

அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது.

சொல்லின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த கண்ணாடி மேசைக்குள் இரும்புக் குண்டு உருண்டு வரும். அது குழிக்குள் விழுவதற்குள் கீழே இருக்கும் இரண்டு துடுப்புகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். நாம் பின்பால் என்கிறோமே, அதற்கு யூகோஸ்லாவியாவில், அதாவது செர்பியாவும் குரோஷியாவும் ஒரே நாடாக இருந்த காலத்தில், ‘ஃப்ளிப்பர்’ என்று பெயர். ஃப்ளிப்பர் இருக்கும் இடம் ஃப்ளிபெரானா. அப்புறம் 1978-இல் ஜப்பானில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது, 1980-இல் பேக்மேன் வந்தது. இந்தத் திரைப்பெட்டிகள் வந்து குண்டு மேசைகளை மூலைக்குத் தள்ளிவிட்டன. ஆனாலும் பெயர் மாறவில்லை. ஒரு ஃப்ளிப்பர்கூட இல்லாத இடத்தையும் ஃப்ளிபெரானா என்றே சொன்னார்கள்.

ரியேக்கா குரோஷியாவின் துறைமுக நகரம். அட்ரியாட்டிக் கடல் உள்ளே வளைந்து வந்து முடிகிற மூலையில் இருக்கிறது. மதியம் வந்து சேர்ந்தேன். கோர்ஸோ என்ற நடைபாதைத் தெருவில் நகரமே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எதற்காக வந்தேன் என்று சொன்னதும், சாவியைக் கொடுக்க வந்தவர் அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்பாவுக்குக் கோடையில் ஒரு கடற்கரைக் கூடார முகாமில் வேலை. அங்கே சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில், ஓலை வேய்ந்த பந்தலுக்குக் கீழே நான்கு பெட்டிகள் இருந்தனவாம். உப்புக்காற்று பட்டு ஆணியெல்லாம் துருப்பிடித்திருக்கும். ஈரக்காலோடு தொட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கும். அதனால் வரிசையில் முதலில் நிற்பவனுக்கு யாராவது ஒரு ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுப்பார்கள்.

“லுப்லியானா பையன், ஸாக்ரெப் பையன், சரயேவோ பையன், பெல்கிரேட் பையன் எல்லாரும் அங்கேதான் நிற்பாங்க. பேச்சு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனா கண்ணாடி ஓரத்துல காசை வெச்சா அடுத்த ஆட்டம் உன்னோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசை யாரும் தொட மாட்டாங்க. ஒருத்தன்கூடத் தொட்டதில்லை.”

கடைசியாக எப்போது விளையாடினீர்கள் என்று கேட்டேன். 1990 ஆகஸ்ட் என்றார். 1991 கோடையில் போர் தொடங்கிவிட்டது. முகாமுக்கு யாரும் வரவில்லை. பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: ரியேக்கா

காலையில் பீக் அண்ட் போக் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2007-இல் ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கிய பழைய கணினிகளின் வீடு. பெயருக்கே ஒரு கதை உண்டு. பேசிக் என்ற கணினி மொழியில் ‘பீக்’ என்றால் நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட அறையில் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. ‘போக்’ என்றால் அந்த அறைக்குள் நாமே ஓர் எண்ணைத் திணிப்பது. எண்பதுகளின் பிள்ளைகளுக்குப் போக் ஒரு மந்திரம். விளையாட்டு கணினிக்குள் ஏறும்போது சரியான அறையில் சரியான எண்ணைத் திணித்துவிட்டால் உயிர் தீரவே தீராது. எந்த அறை, எந்த எண் என்று பத்திரிகைகளில் பட்டியலே போட்டார்கள்.

உள்ளே மேசை மேசையாகப் பழைய இயந்திரங்கள். ரப்பர் பட்டன் வைத்த ஸ்பெக்ட்ரம், ரொட்டி மாதிரி உப்பிய கொமடோர் 64. என் வயதுக்காரர்கள் பார்த்தால் தொடாமல் நகர முடியாது.

இவை எல்லாம் இந்த ஊருக்கு எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் யூகோஸ்லாவியாவுக்குள் 50 ஜெர்மன் மார்க்குக்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கொண்டுவரத் தடை இருந்தது. கணினி எதுவும் அந்த விலைக்குக் கிடைக்காது. அதனால் மக்கள் எல்லை தாண்டி இத்தாலியின் த்ரியெஸ்தே நகரத்துக்குப் போய் ஜீன்ஸோடு ஜீன்ஸாகச் சுருட்டி எடுத்து வந்தார்கள். ரியேக்காவிலிருந்து த்ரியெஸ்தேக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் வீட்டுக் கணினி எவ்வளவு வந்தும் ஃப்ளிபெரானாவை வெல்ல முடியவில்லை. ஏன் என்று இன்று ஒரு ஸ்பெக்ட்ரம் முன்னால் உட்கார்ந்தபோது கைக்கே புரிந்தது. செகாவின் அவுட் ரன் 1986-இல் வந்த கார் விளையாட்டு. கடையில் இருந்த பெரிய பெட்டியில் நீங்கள் இருக்கைக்குள் உட்கார வேண்டும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மோட்டார் இருக்கையையே சாய்க்கும். அதே விளையாட்டை வீட்டுக் கணினியில் போட்டால் ஒரு சின்னக் கார் திணறித் திணறிப் போகும். வீட்டில் கிடைத்தது நகல். நிஜம் தெருமுனையில், புகைக்குள் இருந்தது. பையன்கள் வீட்டில் பழகிக்கொண்டு போய் அங்கே காட்டினார்கள்.

மாலையில் துறைமுகச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாளை நாள் முழுக்கப் பேருந்து.

மூன்றாம் நாள்: வழியில்

ரியேக்காவிலிருந்து ஸாக்ரெப், அங்கே மாறி பெல்கிரேட். ஸாக்ரெபுக்கும் பெல்கிரேடுக்கும் நடுவே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஒரே நேர்கோடு. 1948 முதல் இளைஞர் படைகள் மண் வெட்டிப் போட்ட சாலை இது. ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று அந்தச் சாலைக்கு நடுவில் எல்லைச் சாவடி நிற்கிறது. ஒரு தடவை இறங்கிக் குரோஷியக் காவலரிடம் பாஸ்போர்ட் நீட்டி, இன்னொரு தடவை இறங்கிச் செர்பியக் காவலரிடம் நீட்டினேன். இரண்டரை மணி நேரம் நின்றோம். இருட்டிவிட்டது. பக்கத்து இருக்கைப் பாட்டி ஒரு ஆப்பிளைப் பாதியாக நறுக்கி எனக்குக் கொடுத்தார்.

நேற்று முன்தினம் கேட்ட கூடார முகாம் நினைவுக்கு வந்தது. அந்த நான்கு பெட்டிகளுக்காக இதே சாலையில்தான் பெல்கிரேட் பிள்ளைகள் நிற்காமல் வந்திருப்பார்கள்.

நான்காம் நாள்: பெல்கிரேட்

தோழி பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். திரையில் தெரிவதைவிட உயரம். பார்த்தவுடன் கட்டிக்கொண்டு மூன்று முறை கன்னத்தில் முத்தம். இங்கே மூன்றுதான் கணக்கு.

இன்று காலை புரெக்கும் தயிரும் சாப்பிட்டுவிட்டு (இறைச்சியோ பாலாடையோ அடைத்த அடுக்குமாவு, எண்ணெய் சொட்டும்), டோர்ச்சோல் பகுதியில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஸ்கெண்டர்பெகோவா தெருவில், 1893-இல் பெல்கிரேடுக்கு முதன்முதலில் மின்சாரம் கொடுத்த நிலையத்தின் கட்டடத்தில் இருக்கிறது. நான் பார்க்க விரும்பியது கலாக்ஸியா கணினியை.

1983 கோடையில் வோயா அன்டோனிச் என்ற பொறியாளர் மாண்டினீக்ரோவின் ரிசான் ஊருக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே ஒரு சில்லின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது: திரையில் படம் காட்ட விலை உயர்ந்த தனிச்சில்லு எதற்கு? கணக்குப் போடும் ஸீ-80 சில்லையே அந்த வேலையையும் பார்க்கச் சொன்னால் என்ன? சில்லு குறைந்தால் விலை குறையும். எவரும் வீட்டில் உட்கார்ந்து கட்டிவிடலாம். அப்படிப் பிறந்ததுதான் கலாக்ஸியா. அறிவியல் எழுத்தாளர் தேயான் ரிஸ்டானோவிச்சின் பொறுப்பில் ‘உங்கள் வீட்டில் கணினி’ என்ற சிறப்பிதழில் அதன் வரைபடம் முழுவதையும் இலவசமாக வெளியிட்டார்கள். சில நூறு பேர் கட்டினாலே அதிகம் என்று நினைத்திருந்தார்கள். பாகங்கள் கேட்டு எழுதியவர்கள் 8,000 பேருக்கு மேல்.

அதற்கு வெளிக்கூடு கிடையாது. கட்டியவர்கள் அவரவர் கையில் கிடைத்த தகரத்தையோ மரத்தையோ வைத்துக் கூடு செய்துகொண்டார்கள். தவறு செய்தால் அது மூன்றே சொல் பேசும்: ‘என்ன?’, ‘எப்படி?’, ‘மன்னிக்கவும்’. அன்டோனிச் நினைவகத்தில் ஓர் எழுத்துக்கூட வீணாக்கவில்லை. மொத்தமே 4 கிலோபைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் பெல்கிரேட் வானொலியின் 202 அலைவரிசையில் ஸோரான் மோட்லி ‘வென்டிலேட்டர் 202’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பாட்டுக்கு நடுவே, “இப்போது டேப் ரெக்கார்டரைத் தயாராக வையுங்கள்” என்பார். அப்புறம் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கீச்சென்று சத்தம் மட்டும் வரும். அந்தக் கீச்சுதான் விளையாட்டு. கேசட்டில் பதிந்து கணினிக்குப் போட்டுக் காட்டினால் திரையில் வந்து நிற்கும். காற்றில் விளையாட்டு அனுப்பிய ஊர் இது!

“எங்க வீட்ல கலாக்ஸியா கிடையாது. எங்க அண்ணன் அந்தக் கீச்சை மட்டும் பதிஞ்சு வெச்சிருப்பான்” என்றார் தோழி. “எப்பவாவது கணினி வரும், அப்போ போட்டுப் பார்ப்பேன்னு சொல்லுவான்.”

மாலை அவர் வீட்டில் அண்ணனின் கதை முழுவதையும் கேட்டேன்.

1993. அண்ணனுக்குப் பதினைந்து வயது, இவருக்குப் பன்னிரண்டு. முந்தின வருடம் மே 30 அன்று ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்துவிட்டது. அரசு நோட்டடித்துத் தள்ளியது. 1993 டிசம்பரில் 50,000 கோடி தினார் நோட்டு வந்தது. அதில் இருக்கும் படம் ஸ்மாய் என்ற கவிஞருடையது. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் பாட்டெல்லாம் அவர் எழுதியதுதான். 1994 ஜனவரி ஒரே மாதத்தில் விலைவாசி 31 கோடி சதவீதத்துக்கு மேல் ஏறியது. இந்த எண்ணை நான் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோழியின் அம்மா பள்ளி ஆசிரியை. சம்பளம் வாங்கிய கையோடு ஓட வேண்டும். மதியத்துக்குள் எதையாவது வாங்கவில்லையென்றால் சாயங்காலம் அந்தப் பணத்துக்கு ஒரு முட்டைகூட வராது. ஒரு நாள் ரொட்டி வாங்கக் கொடுத்த பணம் ரொட்டிக்குப் போதாமல் போய்விட்டது. அண்ணன் அந்தப் பணத்தை ஃப்ளிபெரானாவில் கொடுத்து நான்கு டோக்கன் வாங்கி வந்துவிட்டான். ஜெட்டோன் என்று சொல்வார்கள். அம்மா கத்தித் தீர்த்துவிட்டாராம். அண்ணன் டோக்கன்களைச் சமையல் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னானாம்: “அம்மா, இந்தப் பணம் நாளைக்கு ஒண்ணுமே இல்லை. இது நாளைக்கும் ஒரு ஆட்டம்.”

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். நாட்டின் மத்திய வங்கி அச்சடித்த காகிதத்துக்கு மதிப்பில்லை; தெருமுனைக் கடைக்காரர் வெட்டிய பித்தளை வில்லைக்கு மதிப்பு இருந்தது. டோக்கனுக்கு விலை ஏறலாம், ஆனால் டோக்கனின் மதிப்பு ஏறவும் இறங்கவும் முடியாது. அது எப்போதும் ஒரு ஆட்டம்தான். பையன்கள் சூயிங்கம்மையும் காமிக்ஸையும் டோக்கனுக்கு மாற்றிக்கொண்டார்களாம்.

“நீங்க விளையாடுவீங்களா?” என்று கேட்டேன்.

இல்லை என்றார். பெண்பிள்ளைகள் உள்ளே போக மாட்டார்கள். போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனாலும் போக மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா இவரை அனுப்புவார். ஐந்து படி இறங்கினால் ஒரு கண்ணாடிக் கதவு. இவர் வாசலிலேயே நின்று அண்ணன் முதுகைத் தேடுவார். புகைக்கு நடுவே முகங்கள் நீலமும் சிவப்புமாக மாறிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் காது கேட்காது. அதனால் கதவுக் கண்ணாடியை மோதிரத்தால் தட்டுவார். அண்ணன் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான்: ஒரே ஒரு உயிர் பாக்கி, வந்துவிடுகிறேன்.

அந்த ஒரு உயிரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளையாடுவானாம்.

அண்ணன் 1999-க்குப் பிறகு கனடா போய்விட்டார், டொரன்டோவில் இருக்கிறார். தோழி அலமாரியிலிருந்து ஒரு பட்டன் டப்பாவை எடுத்தார். பட்டன்களுக்கு நடுவே ஒரு டோக்கன். வாங்கிப் பார்த்தேன். நம் பழைய இருபது பைசா அளவு இருக்கும். பித்தளை கறுத்திருக்கிறது. ஒரு பக்கம் நடுவில் ஒரு பள்ளம், மறுபக்கம் அதே மாதிரி இரண்டு பள்ளம். விளிம்பில் ஓர் இடத்தில் பல் பதிந்த தடம். “அவன் கடிச்சிக்கிட்டே விளையாடுவான்” என்றார்.

ஐந்தாம் நாள்: ஸெமுன்

பெல்கிரேடில் 2025 ஜனவரியிலிருந்து நகரப் பேருந்துக்குக் கட்டணமே இல்லை. ஸெலெனி வெனாட்ஸ் சந்தையிலிருந்து 84-ஆம் எண் பிடித்து ஸாவா ஆற்றைத் தாண்டி ஸெமுன் போனோம். முன்பு தனி ஊர், ஆஸ்திரியப் பேரரசின் எல்லை ஊர். குன்றின்மேல் செங்கல் கோபுரம், கீழே டான்யூப். நாங்கள் போனது இதற்கெல்லாம் இல்லை. ஓர் அடுக்குமாடி வீட்டின் நிலவறைக்கு.

அங்கே இருப்பவரைத் தோழி ‘மாய்ஸ்டர்’ என்று கூப்பிட்டார். கைத்தொழில் தெரிந்தவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல். நம் மேஸ்திரிக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது, ஜெர்மானியர் வழியாக இவர்களுக்கு. வயது எழுபதை நெருங்குகிறது. முதலில் டி.வி. மெக்கானிக். எண்பதுகளின் நடுவிலிருந்து ஃப்ளிபெரானாக்களுக்குப் பெட்டி பழுது பார்த்தவர். இப்போது பெட்டிகளை யாரும் பழுதுக்குத் தருவதில்லை. குப்பைக்குப் போவதைக் கொண்டுவந்து உயிர் கொடுத்து வைத்திருக்கிறார். ஏழு பெட்டிகள் நிற்கின்றன.

காபி வந்தது. கப்பின் அடியில் பொடி தங்கும் கெட்டியான காபி. ஒரு பெட்டியின் பின்கதவைத் திறந்து விளக்கைப் பிடித்தார். நான் தலையை உள்ளே விட்டேன். சூடான தூசியின் வாசனை, டி.வி.யைத் திறந்தால் வருமே, அதே வாசனை.

“இதுதான் எல்லாம்” என்று பச்சைப் போர்டின் விளிம்பைக் காட்டினார். பக்கத்துக்கு 28 வீதம் 56 இணைப்புப் பற்கள். 1985-இல் ஜப்பானியக் கம்பெனிகள் கூடி வகுத்த ‘ஜாமா’ முறை. அதற்கு முன்னால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒயரிங் வேறு. அதற்குப் பின்னால், ஒரே பெட்டியில் பழைய போர்டை உருவிவிட்டுப் புதுப் போர்டைச் செருகினால் போதும். ஏழை நாட்டுக்கு இது பெரிய வரம். பெட்டியைத் தச்சரே செய்துவிடுவார், போர்டு மட்டும் பையில் வந்தால் போதும். தடைக் காலத்திலும் போர்டுகள் பைக்குள் ஒளிந்து வந்திருக்கின்றன. பெரும்பாலும் நகல் போர்டுகள்.

“பிக்சர் டியூப் போனா என்ன பண்ணுவீங்க? அதைப் பைக்குள்ள கொண்டுவர முடியாதே?”

சிரித்தார். நீஷ் நகரத்து எலெக்ட்ரானிக் ஆலை நாடு முழுவதும் டி.வி. விற்றிருந்தது. யார் வீட்டு டி.வி. பழுதானாலும் டியூப் நன்றாக இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார். இந்தப் பெட்டிகளின் திரையும் டி.வி.யைப் போலவே நொடிக்கு 15,000-க்கும் மேற்பட்ட கோடு வரைவதுதான். கொஞ்சம் சரிசெய்தால் ஒத்துப்போகும். பெல்கிரேட் வீடுகளில் செய்தி காட்டிய கண்ணாடிகள் அப்புறம் பையன்களுக்குச் சண்டை காட்டின.

பிறகு காசு விழும் கதவைத் திறந்தார். உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சரிவான ஒரு பாதை, அதன் முடிவில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. டோக்கன் உருண்டு வந்து அந்தக் கம்பியை அழுத்திவிட்டுப் போகும். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். திரையில் கணக்கு ஒன்று ஏறியது. இத்தனை வருட ஆசையும் இந்தக் கம்பியில்தான் தொங்கியிருக்கிறது.

பையன்கள் இந்தக் கம்பியை விட்டு வைப்பார்களா? டோக்கனில் ஓட்டை போட்டு நூல் கட்டி இறக்கினார்கள். அதைத் தடுத்தால் லைட்டர். நம் வீட்டு அடுப்படியில் கேஸ் லைட்டர் இருக்கிறதே, அழுத்தினால் டக்கென்று பொறி வருமே, சிகரெட் லைட்டருக்குள்ளும் அந்தக் குட்டிப் பகுதி உண்டு. அதை மட்டும் கழற்றிக் காசு ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுவார்கள். பொறியிலிருந்து கிளம்பும் மின்னதிர்வு ஒயருக்குள் பாயும்; கம்பி அழுந்தியதாகப் பெட்டி நம்பிவிடும். இலவச ஆட்டம்! மாய்ஸ்டர் ஒயருக்கு உறை போட்டார், ஒரு சின்னக் கபாஸிட்டரைச் சேர்த்தார். ஒரு மாதம் நின்றது. அப்புறம் பையன்கள் தட்ட வேறு இடம் கண்டுபிடித்தார்கள். கூடத்து முதலாளி திட்டுவார், இவர் மறுபடி போய் உட்காருவார். “அந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் பின்னாடி எலெக்ட்ரானிக்ஸ் படிச்சாங்க. இப்பவும் வந்து காபி குடிச்சிட்டுப் போவாங்க, என்னை ‘சிக்கா’ன்னு கூப்பிட்டுக்கிட்டு.” சிக்கா என்றால் மாமா, பெரியப்பா, எல்லாம்தான்.

ஒரு போர்டைச் செருகினார். திரையில் மஞ்சள் தொப்பி தெரிந்ததும் நான் கத்தியேவிட்டேன். கேப்காமின் 1993 விளையாட்டு, காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மதுரையில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மஞ்சள் தொப்பிக்காரன் பெயரைச் சொல்லி ‘முஸ்தபா’ என்றுதான் கேட்போம். மாய்ஸ்டரும் நானும் இரண்டு கட்டம் போனோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் செர்பியன் தெரியாது. ஆனால் எந்தப் பீப்பாய்க்குள் சாப்பாடு இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. உயிர் குறைவாக இருந்த எனக்கே ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுத்தார்.

அப்புறம் தோழி கைப்பையைத் திறந்து டோக்கனை நீட்டினார்.

மாய்ஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கூடத்து டோக்கன் இன்னொரு கூடத்தில் போகக்கூடாது என்றுதான் இந்தப் பள்ளங்கள். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வோர் அமைப்பு, இயந்திரத்துக்குள் அதற்குத் தகுந்த முள். இரண்டு பள்ளம் வைத்தது எந்தப் பக்கத்துக் கூடம் என்று யோசித்தார். அவர் சொன்ன தெருப் பெயரைக் கேட்டுத் தோழி தலையாட்டினார். “இங்கே போகாது” என்று மாய்ஸ்டர் டோக்கனைத் திரும்பத் தோழியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

“உங்க அண்ணன் என்ன விளையாடுவான்?”

“ரெண்டு பனிமனுஷங்க.”

ஸ்னோ பிரதர்ஸ். 1990-இல் டோயாப்ளான் வெளியிட்டது. மாய்ஸ்டர் அலமாரியில் விரலை ஓட்டி, செய்தித்தாள் சுற்றிய ஒரு போர்டை எடுத்தார். பழைய போர்டு வெளியே, இது உள்ளே. திரை ஒரு நொடி கோடு கோடாக நடுங்கி நின்றது. நிக், டாம் என்று இரண்டு பனிமனிதத் தம்பிகள். எதிரிமேல் பனியை வீசி வீசி உருண்டையாக்கி, உதைத்து உருட்டிவிட வேண்டும்.

தோழி டொரன்டோவுக்கு வீடியோ அழைப்பு போட்டார். அங்கே ஞாயிறு மதியம். தலை வழுக்கையான ஒருவர் சமையலறையில் நின்றுகொண்டு தெரிந்தார். கேமராவைப் பெட்டி பக்கம் திருப்பியதும் அவர் எதுவும் பேசவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மாய்ஸ்டர் கம்பியை விரலால் இரண்டு தடவை அழுத்தினார். டிக், டிக். இரண்டு ஆட்டக்காரர்.

தோழி வலது பக்கம் போய் நின்றார். இடது பக்கம் காலி. ஆட்டம் தொடங்கியது, இடது பனிமனிதன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒரு பூதம் நடந்து வந்து இடித்தது, விழுந்தான்.

ஃபோனிலிருந்து ஒரே அலறல். தோழி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: “யாராவது என்னை நகர்த்துங்கடான்னு கத்துறான்.”

நான் ஒரு கையில் ஃபோனைத் திரை பார்க்கப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தேன். வீசுவதற்கும் குதிப்பதற்கும் கை இல்லை. மாய்ஸ்டர் பக்கத்தில் வந்து நின்று பட்டன்களைத் தன் விரலுக்கு எடுத்துக்கொண்டார். இடம், வலம் நான். குதிப்பு, வீச்சு அவர். டொரன்டோவிலிருந்து வரும் கட்டளையைத் தோழி எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே தன் பனிமனிதனையும் ஓட்டினார். மூன்றாம் தளம் வரைக்கும் போனோம். ஏழாம் தளம் வரைக்கும் போனோம்.

ஒரு கட்டத்தில் கட்டளை நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று ஃபோனைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. தங்கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நீலமும் சிவப்பும் மாறி மாறித் தோழியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஃபோனின் கண்ணாடியை எதையோ வைத்துத் தட்டினார். டொக், டொக்.

தோழி திரும்பவில்லை. பட்டனிலிருந்து ஒரு கையை எடுத்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.